மருந்துக்கூடத்துக் கதிரை

பாரிசில், லா சப்பலில், மெட்ரோ ரயில் மேலால் ஓடும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பார்மசி இருக்கிறது. அதன் கவுண்டரில், "செ பூர் முவா" என்று ஒரு குரல் பெரிதாகக் கேட்டால், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, அது பாண்டிச்சேரி அக்காதான். "எனக்குத்தான்" என்று அதற்கு அர்த்தம். மூலத்துக்குப் பூசுகிற மருந்தா, எனக்குத்தான். பூச்சி மருந்தா, எனக்குத்தான். பேன், மலச்சிக்கல், மறைவிடத்தில் அரிப்பு, எல்லாம் எனக்குத்தான். உண்மையில் அவருக்கு ஒரு நோய் வருத்தமும் கிடையாது. கல்லுப் போல இருந்தார்.

இலங்கையிலிருந்து வந்த எங்கள் பெண்கள் பலருக்குப் பிரெஞ்சு வராது. டொக்டரிடம் போனால் மகனோ பேரப்பிள்ளையோ பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். இருமல், முழங்கால் நோ என்றால் பரவாயில்லை. மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, தம்பி, எனக்கு இன்ன இடத்தில் இன்னது என்று எப்படிச் சொல்வது? பேரனிடம் சொன்னால் அவன் அதைப் பிரெஞ்சில் வீடு முழுக்கச் சத்தம் போட்டுக் கேட்பான். ஆகவே பாண்டிச்சேரி அக்காவிடம் போவார்கள். அவர் தன் கணவரின் பழைய ஓவர்கோட்டைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு, ஆண்பிள்ளைக் குடையையும் எடுத்துக்கொண்டு உடனே புறப்பட்டுவிடுவார்.

பார்மசிக்காரர் சும்மா மருந்து தர மாட்டார். எவ்வளவு காலமாக, எரிவா, அரிப்பா என்று கேட்பார். அக்காவுக்கு எப்படித் தெரியும்? பல் தீட்டுகிற பிரஷ்கள் தொங்கும் தட்டுக்குப் பக்கத்தில், யாரோ எவரோ போல நிற்கிற ஆளிடம் திரும்பித் தமிழில் கேட்டாக வேண்டும். முதன்முதலில் ஒருத்தியிடம், "உனக்கு எரியுதா, அரிக்குதா?" என்று கேட்டுவிட்டார். பார்மசிக்காரருக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனால் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் தமிழர். அந்தப் பெண் மருந்தை விட்டுவிட்டு ஓடிப்போனாள். அதற்குப் பிறகு அக்கா கேட்கிற விதத்தை மாற்றிக்கொண்டார்.

"ஏம்மா, எனக்கு எரியுதா, அரிக்குதா?"

"உங்களுக்கு அரிக்குது அக்கா."

"ராத்திரியிலயா, பகல்லயா?"

"உங்களுக்கு ரெண்டு நேரமும்."

வரிசையில் நிற்பவர்கள், "உந்த மனிசிக்குத் தன்ரை உடம்பைப் பற்றி அடுத்த ஆளிட்டைக் கேக்கவேண்டிக் கிடக்கு" என்று சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வெட்கமாக இல்லையா என்று ஒருநாள் படியில் வைத்துக் கேட்டேன். "வெட்கமா? அது என் சைசுல கெடைக்கல தங்கச்சி" என்றார்.

அவர் எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருந்தார். நான் மகனோடு இரண்டாம் மாடியில். படியில் கண்டால் நிறுத்தி வைத்துப் பேசுவார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓம், ஓம் என்பேன். எனக்கு அவரோடு நிற்கவே கூச்சம். எனக்கு மட்டும் இல்லை. அவரோடு ஒருத்தி நின்றாலே, இவளுக்கு ஏதோ வெளியில் சொல்ல முடியாத வருத்தம் என்று சனத்துக்கு விளங்கிவிடும். அதனால் அவரிடம் உதவி கேட்டவர்கள்தான் அவரைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார்கள். ஒரு தேர்த் திருவிழாவில், சர்பத் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் அக்கா போய் உரிமையோடு தோளில் கை போட்டார். போன கிழமைதான் அவளுக்காகப் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்திருந்தார். அவள், "நீங்கள் ஆர்?" என்றாள்.

"அட, ஆளு மாறிப்போச்சு, மன்னிச்சுக்கம்மா" என்று அக்கா கையை எடுத்துவிட்டு நடந்தார். பிறகு என்னிடம், "பூச்சி போனா நானும் கூடவே போயிடணும். அதான் நியாயம்" என்று சொல்லிச் சிரித்தார். சர்பத்தை அவர் குடிக்கவில்லை.

இப்போது அவர் இங்கே இல்லை. கணவரின் தம்பி மகன் வந்து, தெற்கே எங்கோ தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பெண்கள் இப்போது கைபேசியை மொழிபெயர்த்துப் பேசவிட்டு மருந்து வாங்குகிறார்கள். அது பார்மசி முழுக்கக் கேட்கத்தான் பேசுகிறது.

அவர் இங்கே இருந்த காலத்தில், ஒரு மாரிக்குளிர் தொடங்க முந்தி, எனக்கும் ஒரு வருத்தம் வந்தது. நின்று எத்தனையோ காலமான ஒன்று திரும்பி வந்தது. பேரப்பிள்ளைகள் கண்ட வயதில்! என் கணவர் உடுத்திய பழைய சாரங்களைக் கிழித்துப் பாவித்தேன். குளியலறையில் கழுவி, துவாய்க்கு அடியில் மறைத்துக் காயப் போட்டேன். துடக்குத் தீட்டோடு எப்படிப் போவது என்று வெள்ளிக்கிழமைக் கோயிலை நிறுத்தினேன். ஏன் போவதில்லை என்று மகன் கேட்டபோது முழங்கால் என்றேன். அவன் முழங்காலுக்கு ஒரு பட்டி வாங்கி வந்தான். அதையும் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மாரி முடிகிற நேரத்தில் எங்கள் பிரெஞ்சு வகுப்புச் சுற்றுலா வந்தது. எங்கள் பகுதிப் பெண்களுக்கு ஒரு ரீச்சர் இலவசமாகப் பிரெஞ்சு சொல்லித் தருவார். வருடத்துக்கு ஒருமுறை எங்காவது கூட்டிக்கொண்டும் போவார். அந்த வருடம் பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய பழைய ஆஸ்பத்திரி ஒன்றும், அதன் மருந்துக்கூடமும் அப்படியே காப்பாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. நான் வரவில்லை என்றேன். மகன், "போட்டு வாங்கோ அம்மா, வீட்டுக்குள்ளையே கிடக்கிறியள்" என்று பஸ்ஸடிக்கே கொண்டுவந்து விட்டான். பஸ்ஸில் துவாயை மடித்துப் போட்டு அதன்மேல் இருந்தேன். எங்களுக்கு மொழிபெயர்க்க என்று ரீச்சர் பாண்டிச்சேரி அக்காவையும் கூட்டி வந்திருந்தார்.

மருந்துக்கூடத்தின் வாசல் பதிவு, உயரம் குறைவு. குனிந்துதான் போக வேண்டும். உள்ளே நிமிர்ந்தால் நிலத்திலிருந்து கூரைவரை மரத்தட்டுகள். தட்டு முழுக்க வெள்ளைப் பீங்கான் சாடிகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் நீலப் பூ, பூவுக்கு நடுவே எழுத்து. கீழே இழுத்துத் திறக்கிற சின்னச் சின்ன லாச்சிகள். ஒரு ஆள் கட்டிப்பிடிக்கக்கூடிய வெண்கல உரல். கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு. இவ்வளவு மருந்தா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதற்குள் என்னுடையதற்கும் ஒன்று இருக்கும் என்று மனதில் ஓடியது. எந்தச் சாடி என்று கேட்க எனக்கு எந்தப் பாஷையிலும் வாய் வராது.

அங்கே விளக்கம் சொல்லுகிற பெண் மெலிந்த பிள்ளை. பூட்டுத் திறப்புகளின் பெரிய கோர்வையை இடுப்பில் தொங்கவிட்டிருந்தாள். மணந்து பார்க்கச் சிறு போத்தல்கள் தந்தாள். கறுவா, கராம்பு, இஞ்சி, திப்பிலி.

திரான்சி என்ற பக்கத்து ஊரிலிருந்து வகுப்புக்கு வருகிற ஒருத்தி இருந்தாள், எங்கள் கூட்டத்தில் வாய்க்காரி. போத்தலை மணந்துவிட்டு, "உது எங்கடை சரக்குத்தூளெல்லோ! பிள்ளைப்பெத்தவைக்குக் கறி வைச்சுக் குடுக்கிறது. இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் கொண்டந்தவை? எங்கடை கடையளுக்கை மூக்கை நீட்டினாப் போதுமே" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று அந்தப் பிள்ளை கேட்டாள். அக்கா மொழிபெயர்த்தார். எனக்குப் பிள்ளை பிறந்தவுடன் இதைத்தான் அரைத்துத் தந்தார்கள், உடம்பு தேறியது என்று கையால் வயிற்றைக் காட்டிச் சொன்னார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கியது. அக்காவுக்குப் பிள்ளைகளே இல்லை.

நடுவில் ஒரு பெரிய சாடி. பாம்பு இறைச்சியும் தேனும் இன்னும் எத்தனையோ சரக்கும் சேர்த்த மருந்து அதில் இருந்ததாம். எல்லா வருத்தத்துக்கும் அது ஒன்றுதானாம்.

"அப்ப எனக்குன்னே செஞ்சது" என்றார் அக்கா.

மூலையில் கயிறு கட்டி ஒரு கதிரை வைத்திருந்தார்கள். மருந்துக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி இருந்த கதிரை. இருக்கையில் வெளிறிய துணி, கையால் போட்ட பூவேலை. அதன்மேல் ஒரு காய்ந்த முட்பூ வைத்திருந்தது.

"பூ வைச்சிருக்கினம். செத்தவவின்ரை கதிரை போலை" என்று திரான்சிக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கும்பிட்டார்கள். நான் துடக்கோடு வந்து நிற்கிறேனே என்று இரண்டடி தள்ளி நின்று, கும்பிடவும் முடியாமல் கும்பிடாமல் இருக்கவும் முடியாமல் கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஒருவரும் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் முள்ளை வைத்தது என்று பிறகு ரீச்சர் சொன்னார்.

கூட்டம் அடுத்த அறைக்குப் போகத் தொடங்கியது. எனக்குத் தலை சுற்றியது. நெடுநேரம் நின்றதாலோ, உள்ளே பூட்டிக் கிடந்த மணத்தாலோ தெரியாது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையில் பட்டதைப் பிடித்தேன். கயிற்றைத் தாண்டினேனா, பூவைத் தள்ளினேனா ஒன்றும் நினைவில்லை. நான் இருந்துவிட்டேன். அந்தக் கதிரையில்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தவர் அக்கா ஒருவர்தான். வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினார். நான் எழும்பியதும் இருக்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கோட்டுக் கறுப்பு, அதில் ஒன்றும் தெரியாது. அந்த வெளிறிய பூவேலையில் கறை நன்றாகத் தெரிந்தது.

"தள்ளு தங்கச்சி" என்று என்னை ஓரத்துக்கு விலக்கினார். ஓவர்கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். உள்ளே சாம்பல் நிற நைலெக்ஸ் சேலை. "அப்பாடா, கால் விட்டுப்போச்சு" என்று பெரிய சத்தத்தில் சொல்லிக்கொண்டு தொப்பென்று அந்தக் கதிரையில் இருந்தார்.

சத்தத்துக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். திறப்புக்காரப் பிள்ளை, "மதாம்! மதாம்!" என்று ஓடி வந்தாள். அக்கா ஆறுதலாக எழும்பினார். பிள்ளை கதிரையைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"செ முவா. பார்தோன்" என்றார் அக்கா. நான்தான், மன்னிச்சுக்கொள்ளுங்கள்.

திரும்பி எல்லோருக்கும் தன் பின்பக்கத்தையும் காட்டினார். ரீச்சரின் முகம் சிவந்து போய்விட்டது. இரண்டு பேர் வந்து, கதிரையை வெள்ளைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் அக்காவின் கோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

திரும்பும்போது பஸ்ஸில் ஒருவரும் அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. வேறு இடம் இல்லாததால் நான் இருந்தேன் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"பாண்டிச்சேரி அம்மா பெரிய பிள்ளையாயிட்டா" என்றாள் திரான்சிக்காரி பின் சீட்டிலிருந்து. "தண்ணி வாக்க வேணும். சாமத்தியவீட்டுக்குப் பியர்ஃபித்தில மண்டபம் எடுப்பமோ?" வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளைப் பல்லக்கில் ஏற்றி எங்கள் சனம் எடுக்கிற சடங்கைத்தான் சொன்னாள்.

"எடும்மா எடு" என்றார் அக்கா திரும்பாமலே. "எனக்குப் பல்லக்கெல்லாம் வேணாம். ஹெலிகாப்டர்ல வந்து எறங்குவேன். நீ ஆலாத்தி எடு."

பஸ் அதிரச் சிரிப்பு. சிரிப்பு அடங்கிப் பாதிப் பேர் நித்திரையான பிறகு, அக்கா முன்னால் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"எனக்கு இது எப்பத்துலேருந்து?"

 கண்ணாடிக்கு வெளியே பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"உங்களுக்கு... மாரிக்கு முந்தியே."

"தெனமுமா?"

"இல்லை. விட்டு விட்டு. இப்ப கொஞ்சம் கூட."

"வலி இருக்குதா எனக்கு?"

"உங்களுக்கு நோ ஒண்டும் இல்லை அக்கா."

"வலி இல்லாம வர்றதைத்தான் சுருக்கா காட்டணும். ஏன் நான் யார்கிட்டயும் சொல்லல?"

"உங்களுக்கு வெக்கம்."

"எனக்கா!" என்றார். அவருடைய தோள் குலுங்கியது. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, சிரிப்பு நிற்கும்வரை இருந்தார். பிறகு, "டாக்டர்கிட்ட ரண்டேவூ எடுத்துடறேன்" என்றார்.

எடுத்தும்விட்டார். பொம்பிளை டொக்டர். அறைக்குள் போனதும் அக்கா பழக்கத்தில் வருத்தக்காரர் இருக்கிற கதிரையில் போய் இருந்தார். டொக்டர் என் கார்த் விதால் என்ற மருத்துவ அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சுவரோடு நின்ற என்னைப் பார்த்தார். கட்டிலைக் காட்டினார். அக்கா சப்பாத்தைக் கழற்றக் குனிந்துவிட்டார். நான் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஆமால்ல. இது மட்டும் நீதான் ஏறணும்" என்றார்.

நான் ஏறினேன். திரைக்கு வெளியே நின்று அவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் கூசுமாம், எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லையாம், மூச்சை நான் நன்றாக இழுத்து விடணுமாம். நான் இழுத்து விட்டேன்.

சதைத் துண்டு எடுத்துச் சோதித்த பிறகு கர்ப்பப்பையில் கூடாத கட்டி என்று தெரிந்தது. சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள், எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். மகனுக்கு அக்காதான் படியில் வைத்துப் பிரெஞ்சில் சொன்னார். அவன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு மேலே வந்தான். என்னிடம், "அம்மா, ஆஸ்பத்திரிக்கு உடுப்பு என்னென்ன வைக்கவேணும்?" என்று மட்டும் கேட்டான். இன்றுவரை நாங்கள் இருவரும் அந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னதில்லை. தெரிந்தவர்களுக்கு எனக்குக் காய்ச்சல் என்றான்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அக்கா ஒவ்வொரு நாளும் வந்தார். அங்கே கூட்டித் துடைக்கிற வேலை செய்யும் எங்கள் ஆள் ஒருவர் அவரை அந்தப் பெண்கள் பகுதியில் கண்டிருக்கிறார். கதிரைக் கதை ஏற்கெனவே லா சப்பல் முழுக்கப் போயிருந்தது. இரண்டையும் சேர்த்து, பாண்டிச்சேரி மனிசிக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு என்று சனம் முடிவு கட்டிவிட்டது.

நான் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் திரான்சிக்காரி எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, காய்ச்சல் விட்டிட்டுதே? பாண்டிச்சேரி அம்மாவுக்குப் பெரிய ஒப்பரேசனாம். நாங்கள் பஸ்ஸிலை வாய்க்கு வந்தபடி பகிடி பண்ணிப்போட்டம், மனசு கேக்குதில்லை. எல்லாரும் பாக்கப் போறம். உங்களுக்குக் கீழைதானே, இறங்கி வாங்கோ."

கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அத்தனை பெண்கள். ஒருவருக்கும் இருக்க இடமில்லை, கட்டில் விளிம்பிலும் பெட்டியிலும் இருந்தார்கள். தேர்த் திருவிழாவில் நீங்கள் ஆர் என்று கேட்டவளும் இருந்தாள். மேசை முழுக்கத் தோடம்பழமும் பால்மா டின்னும். கட்டிலில் அக்கா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தார். திரான்சிக்காரி பக்கத்தில் இருந்து ஆட்டுக்கால் சூப்பைக் கரண்டியால் பருக்கிக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி" என்றார் அக்கா மெலிந்த குரலில். "சிரிச்சா எனக்குத் தையல் இழுக்குது. திரும்பிப் படுத்தா ஏதோ கழண்டு விழற மாதிரி இருக்குது."

அது நான் ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னது. ஒரு சொல் மாறாமல் சொன்னார். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி அவருடைய காலைப் பிடித்துவிட்டாள். அந்த வீட்டில் நான் அதற்கு முன் இன்னொரு ஆளைக் கண்டதில்லை. அக்காவின் முகம் குழந்தைப்பிள்ளையின் முகம் போல இருந்தது. கண் ஒவ்வொருவராகப் போய்ப் போய் வந்தது.

"இனித் துடக்கும் இல்லை, ஒண்டும் இல்லை" என்று திரான்சிக்காரி அடுத்த கரண்டியை ஊதினாள். "அந்தக் கதிரையை நினைச்சு வெக்கப்படாதேங்கோ அம்மா. வருத்தமெண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சு."

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. வாழ்நாளில் நான் ஒரு சபையில் வாய் திறந்தவள் இல்லை. எனக்காக இவர் இன்னும் எவ்வளவு சுமப்பது என்று நினைத்தேனாக்கும். அதைச் சொல்லிவிட்டால் நான் நல்லவளாகிவிடுவேன் என்றும் நினைத்தேனாக்கும்.

"அது அவவுக்கில்லை" என்றேன். "கதிரையிலை இருந்தது நான். ஒப்பரேசனும் எனக்குத்தான்."

கரண்டி நின்றது.  பிறகு எல்லோரும் ஒன்றாக எழும்பினார்கள்.

"ஐயோ மாமி! உந்த உடம்போடை படியிறங்கி வந்தனீங்களோ?" என்று திரான்சிக்காரி என் கையைப் பிடித்தாள். ஒருத்தி கதிரையை இழுத்துப் போட்டாள். ஒருத்தி அக்காவின் கட்டிலிலிருந்து தலையணையை எடுத்து என் முதுகுக்கு வைத்தாள். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள், எல்லா முதுகும் கட்டில் பக்கம்.

முதுகுகளுக்கு நடுவால் பார்த்தேன். அக்கா போர்வையை மெல்ல விலக்கினார். உள்ளே சேலை ஒழுங்காக உடுத்தியிருந்தார், காலில் சொக்ஸ் கூட இருந்தது. எழும்பிப் போர்வையை மடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"டீ போடறேன்" என்றார். "யாருக்கெல்லாம் சக்கர வேணாம்?"

 எல்லோரும் என்னிடம், எவ்வளவு காலமாக மாமி, நோ இருந்ததா மாமி என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் குசினிக்குப் போனார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவர் திரும்பி வரவில்லை.

திரான்சிக்காரி கரண்டியைத் துடைத்து, மிச்சச் சூப்பை எனக்குப் பருக்கத் தொடங்கினாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வீட்டில் கஞ்சியும் பாணும் தின்று தின்று எனக்கு வாய் செத்துப் போயிருந்தது. சூப் இன்னும் சூடாக இருந்தது, மிளகு அளவாகப் போட்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். கோப்பை காலியாகும்வரை குடித்தேன்.